கழற்று தாங்கியும் நிலைத் தாங்கியும்: வேட்டைத் துப்பாக்கி வரலாற்றில் ஒரு வினா

ஃபிக்ஹு நூல்களுள் எதனை எடுத்து நோக்கினும் வேட்டைக்கும் அறுப்புக்கும் தனிப் பாடம் ஒன்று வகுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலிலும் அப்பாடம் உண்டு. வேட்டையாடுவோன் யார், எய்யும்போது அவன் எண்ணம் யாது, இறைவன் திருநாமத்தை மொழிந்தானா, அவன் கையிலிருந்த கருவி கூரியதா மொண்ணையானதா என்று நம் முன்னோர் ஒவ்வொன்றாகக் கேட்டு விடை கண்டனர். கருவி பற்றிய கேள்வியை அவர்கள் கம்மியனுக்கு மட்டும் உரியதென்று தள்ளிவிடவில்லை. அஃது அறம் பற்றிய கேள்வியுமாகும் என்பதே அவர்தம் கருத்து.

அவ்வழியில் நின்று, ஐரோப்பிய அமெரிக்க வேட்டைக்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாதிட்டு வரும் ஒரு வினாவை ஈண்டு ஆராய்வோம். துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கியை ஒரு முறை இறுக்கிவிட்டால் அப்படியே இருக்கும் நிலைத் தாங்கியில் வைப்பது நன்றா, வேண்டும்போது கழற்றி வேண்டும்போது மாட்டும் கழற்று தாங்கியில் வைப்பது நன்றா என்பதே அவ்வினா. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ஆகவே நமக்கு இது வரலாற்று ஆய்வேயன்றி வேறில்லை. எனினும் இதனுள் அடங்கியுள்ள படிப்பினை எவருக்கும் உரியது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். அரபியில் ‘புந்துக்’ என்பது ஒரு வகைக் கொட்டையின் பெயர். அதன் வடிவில் உருட்டிச் சுட்ட களிமண் உருண்டைக்கும் அப்பெயர் வந்தது. பின்னர் ஈயக் குண்டுக்கும் அதுவே வழங்கி, அக்குண்டை எறியும் கருவி ‘புந்துக்கிய்யா’ ஆயிற்று. நாம் வழங்கும் ‘துப்பாக்கி’யோ துருக்கிய மொழி நமக்குத் தந்த சொல்.

களிமண் உருண்டையால் அடிபட்டு இறந்த பறவை உண்ணத் தகாதது என்பது முற்கால அறிஞர் முடிபு. அது தைத்துக் கொல்வதில்லை, மோதிக் கொல்வது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் ‘மிஃராள்’ என்னும் எறிகோல் பற்றி வினவியபோது, அதன் முனை தைத்துக் கொன்றதை உண்ணலாம், அதன் பக்கவாட்டு அடியால் மாண்டதை உண்ணலாகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவுறுத்தினார்கள். வெடிமருந்தால் பாயும் ஈயக் குண்டு வந்தபோது, அதனை எவ்வகையில் சேர்ப்பது என்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஹிஜ்ரி 1252இல் மறைந்த ஹனஃபீ மேதை இப்னு ஆபிதீன், குண்டுக்குக் கூர்மை இல்லை, அது சுடுதலாலும் தள்ளும் விசையாலுமே கொல்கிறது என்று கருதி மறுத்தார். ஹிஜ்ரி 1250இல் மறைந்த யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீயோ, அது உடலைத் துளைத்து ஊடுருவுவதால் ஆகுமானது என்றார். இருவரும் முதலிற் பார்த்தது ஒன்றையே: அக்கருவி அவ்வுயிரை என்ன செய்கிறது?

அறுக்கும்போதும் அழகுற அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்னும் நபிமொழியை அறியாதார் நம்மில் இலர். வேட்டைக்காரனின் கத்தி அவன் குறியே. குறி ஒரு சாண் தவறினால் விலங்கு உடனே மாள்வதில்லை. வயிறு கிழிந்தோ கால் முறிந்தோ புதருக்குள் ஓடி, பல மணி நேரம் துடித்துக் கிடக்கும். ஆதலின் குறி வைக்கும் கருவி நிலை தவறாதிருத்தல் வேட்டைக்காரனின் வசதி மட்டுமன்று, கடமையுமாகும்.

இனிக் குறி பார்க்கும் முறையைக் காண்போம். பழைய துப்பாக்கியில் கண்ணுக்கு அருகே ஒரு பள்ளமும் குழல் நுனியில் ஒரு முனையும் இருக்கும். பள்ளம், முனை, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்திச் சுட வேண்டும். உஸ்துர்லாபின் முதுகில் சுழலும் ‘இளாதா’ என்னும் சட்டத்தில் துளையிட்ட இரு தகடுகளை நிறுத்தி, அவற்றினூடே விண்மீனைப் பார்த்து உயரம் அளந்த நம் வானநூலாரும் இதே நெறியைத்தான் கையாண்டனர். இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு சாண், ஒரு முழம், நூறு கஜம் என வெவ்வேறு தொலைவிலுள்ள மூன்று பொருள்களை மனிதக் கண் ஒரே வேளையில் தெளிவாகக் காண இயலாது. வயது ஏற ஏற இவ்விடர்ப்பாடும் ஏறும்.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறதென நிறுவியவர் பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைஸம். அவர் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ இலத்தீனில் பெயர்க்கப்பெற்று, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. ஐரோப்பியர் அந்நூலையும் பயின்றே ஒளியியலை வளர்த்தனர். 1608இல் ஹாலந்தில் தொலைநோக்கி வெளிப்பட்டது. அதனுள் குறுக்குக் கோடுகளை அமைத்தால் கோடும் இலக்கும் ஒரே தொலைவில் உள்ளனபோல் தோன்றும். கண்ணின் இடர்ப்பாடு நீங்கும்.

ஆயினும் அத்தொலைநோக்கி துப்பாக்கியின் மேல் பயனுற அமர இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் ஜான் சாப்மன் என்பார் தம் நூலில் இத்தகைய குறிக்கருவியை விளக்கினார். 1855 முதல் வில்லியம் மால்கம் என்பார் நியூயார்க் மாநிலத்தில் அவற்றைச் செய்து விற்றார். குழலின் நீளமே கொண்ட மெல்லிய பித்தளை, எஃகுக் குழாய்கள் அவை. மழை பெய்தால் உள்ளே நீராவி படியும். கீழே விழுந்தால் கோடு அறும்.

இங்கேதான் கழற்று தாங்கியின் பிறப்பு. கண்ணாடியின்மேல் நம்பிக்கையின்மையே அதனை ஈன்றது. கண்ணாடி மங்கினால் எடுத்தெறிந்துவிட்டு இரும்புக் குறிகளால் சுடும் வழி வேண்டும் என வேட்டைக்காரன் எண்ணினான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேறு காரணங்களும் சேர்ந்தன. அந்நாட்டார் விரும்பிய ‘டிரில்லிங்’ என்னும் முக்குழல் துப்பாக்கியில் இரு குழல் சிறு ரவைக்கும் ஒரு குழல் தனிக் குண்டுக்கும் உரியவை. பறக்கும் பறவையைச் சுடும்போது தொலைநோக்கி இடையூறு, தொலைவில் நிற்கும் மானுக்கோ அது தேவை. மேலும், மரத்தின் மேலமைத்த பரணில் அந்தி மயங்கும் வரை காத்திருப்பார்க்கு, 8 மடங்கு பெருக்கமும் 56 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடியும் கொண்ட பெரிய தொலைநோக்கி வேண்டும். பகலில் காட்டைக் கலைத்து ஓடும் பன்றியைச் சுடுவார்க்குச் சிறு பெருக்கமே போதும். துப்பாக்கி ஒன்று, கண்ணாடி இரண்டு. ஆகவே மாற்றும் வழி வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்கக் காட்டெருமையைத் தேடிப் புதருக்குள் நுழைவோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டே நுழைய விரும்பினர். பத்தடித் தொலைவில் பாய்ந்து வரும் விலங்கைத் தொலைநோக்கிக்குள் தேடுவதற்கு நேரமில்லை.

துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சூல் நகரக் கம்மியரின் கொக்கித் தாங்கி இதற்கு விடையாய் அமைந்தது. முன்புறக் கொக்கிகளைப் பள்ளத்தில் சாய்வாக நுழைத்துப் பின்புறத்தைக் கீழே அழுத்தினால், வில்விசையுள்ள தாழ் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். தாழை இழுத்தால் ஒரு நொடியில் கையோடு வந்துவிடும். அக்காலத்து ஜெர்மானியத் தொலைநோக்கிகள் பலவற்றில் மேல் கீழ்த் திருத்தம் மட்டுமே உண்டு, இட வலத் திருத்தம் இல்லை. அதனைக் கம்மியன் தாங்கியை அரத்தால் அராவியே சரி செய்தான். எனவே ஒரு துப்பாக்கியின் தாங்கி மற்றொன்றுக்குப் பொருந்தாது. கழற்றும் வேலை ஒரு நொடி, ஆனால் பொருத்தும் வேலை கம்மியனின் பல நாள் உழைப்பு.

இத்துணை நுட்பம் ஏன் வேண்டும்? சிறு கணக்கு ஒன்று போடுவோம். தாங்கியின் இரு பிடிகளுக்கிடையே 100 மில்லிமீட்டர் இடைவெளி என வைத்துக்கொள்வோம். ஒரு பிடி மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு விலகி அமர்ந்தால், 100 மீட்டர் தொலைவில் குண்டு 1 செண்டிமீட்டர் விலகும். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அம்மயிரோ, அதனளவு தூசியோ பிடிக்கடியில் சிக்கினால் 100 மீட்டரில் 7 செண்டிமீட்டரும் 200 மீட்டரில் 14 செண்டிமீட்டரும் குறி தவறும். சிறு மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் இடமோ ஒரு சாணுக்கும் குறைவான அகலம். அதன் நடுவை நோக்கிச் சுட்ட குண்டு வயிற்றிற்குப் போய்விடும். ஒரு மயிரிழை என்று நாம் பேச்சுக்குச் சொல்வது, இங்கே ஓர் உயிரின் வேதனைக்கும் விடுதலைக்கும் இடையிலுள்ள உண்மையான அளவு.

கழற்று தாங்கிக்குப் பெருஞ்சோதனை போர்க்களத்தில் வந்தது. 1914இல் போர் மூண்டபோது ஜெர்மானியர் தம் வேட்டைக்காரர்களிடமிருந்த தொலைநோக்கித் துப்பாக்கிகளைத் திரட்டிப் போர்முனைக்கு அனுப்பினர். ஆங்கிலேயரும் பின்னர் அவ்வழி சென்றனர். பெருவேட்டையில் கை தேர்ந்த ஹெஸ்கத் பிரிச்சர்ட் என்னும் அதிகாரி ஆங்கிலப் படையினரிடமிருந்த அக்கருவிகளைச் சோதித்தபோது, பல துப்பாக்கிகளில் குறி தவறியிருந்ததையும், வைத்திருந்தோர் அதனை அறியாதிருந்ததையும் கண்டு வருந்தினார். கண்ணாடி நல்லது, துப்பாக்கியும் நல்லது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று சுட்டுப் பார்த்தவர்தாம் இல்லை.

அப்படிப்பினை வீணாகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலப் படை வழங்கிய ‘நான்காம் எண்’ லீ-என்ஃபீல்டு குறித் துப்பாக்கியை நோக்குக. அதன் தொலைநோக்கியும் கழற்றக்கூடியதே. இரு திருகுகளைக் கையால் சுழற்றினால் வந்துவிடும். ஆனால் துப்பாக்கியின் எண் தாங்கியின்மேல் பொறிக்கப்பட்டது. தொலைநோக்கியின் எண் துப்பாக்கிக் கட்டையின்மேல் பொறிக்கப்பட்டது. கழற்றிய கண்ணாடிக்கென எஃகுப் பெட்டி ஒன்றும் தரப்பட்டது. ஒன்றன் கண்ணாடியை மற்றொன்றன் மேல் மாட்டலாகாது. கழற்றும் உரிமை கொடுத்த கையே, இன்னதற்கு இன்னதுதான் என்னும் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. 1930இல் அமெரிக்காவில் வில்லியம் வீவர் எளிய விலைக்குத் தொலைநோக்கி விற்கத் தொடங்கினார். 1947இல் லூபோல்டு நிறுவனம் உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி நீராவி படியாத தொலைநோக்கியை வெளியிட்டது. கண்ணாடி நம்பத்தக்கதாயிற்று. எந்த அச்சத்தினால் கழற்று தாங்கி பிறந்ததோ அவ்வச்சம் பெரும்பாலும் நீங்கியது. இரும்புக் குறிகளே இல்லாத துப்பாக்கிகளும் பெருகின. அத்தகைய துப்பாக்கியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது பார்வையற்ற குழலே. அதற்குக் கழற்று தாங்கி எதற்கு என்று கேட்போர் கேட்பது முறையே.

மறுபுறம், தாங்கியும் திருந்தியது. கம்மியனின் அரம் செய்த வேலையை இயந்திரம் நுட்பமாகச் செய்யலாயிற்று. 1993இல் வந்த பிளாசர் ஆர்-93 என்னும் ஜெர்மானியத் துப்பாக்கியில் குழலையே மாற்றலாம். தாங்கி அந்தந்தக் குழலின்மேல் நேரே பற்றிக்கொள்ளும். 1995இல் அமெரிக்கப் படை, குறுக்குப் பள்ளங்கள் கொண்ட ஒரு தண்டவாளத்துக்குப் பொது அளவை வகுத்தது. நெடும்பயணம் செல்வோர் கண்ணாடியைத் தனியே பொதிந்து கொண்டுபோகவும், ஒன்று உடைந்தால் முன்னரே குறி சரிபார்த்த மற்றொன்றை மாட்டவும் கழற்று தாங்கி உதவுகிறது.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்குங்கால் நாம் துணியும் முடிபு இதுவே. கழற்றுவதற்குக் காரணம் உடையோனுக்குக் கழற்று தாங்கி பயனுடையது. காரணம் இல்லாதவனுக்கு அது பழுதுக்கு மேலும் ஒரு வாயில், அவ்வளவே. காரணம் இருப்பினும் அவன்மேல் ஒரு பொறுப்பு உண்டு. கழற்றி, மாட்டி, சுட்டுப் பார்க்க வேண்டும். மறுபடியும் கழற்றி, மாட்டி, சுட்டுப் பார்க்க வேண்டும். பல முறையும் குண்டு ஒரே இடத்தில் விழக் கண்ட பின்னரே உயிருள்ளதன்மீது குறி வைக்க வேண்டும். பலகையின்மீது செய்ய வேண்டிய சோதனையை மானின் உடம்பின்மீது செய்தல் ஆகாது. உயிருள்ளதைக் குறிப்பலகையாக்குவதை நம் மார்க்கம் விலக்கியிருக்கிறது. சோதித்துப் பாராத கருவியால் சுடுபவன், தான் அறியாமலே அவ்விலக்கின் அருகில் போய் நிற்கிறான்.

‘மாட்டினேன், பூட்டிக்கொண்டது, ஓசையும் கேட்டது’ என்பது போதாது. தாழ் எழுப்பும் ஓசை தாழ் விழுந்ததற்கே சான்று, குறி நேரானதற்கு அன்று. கத்தியைத் தீட்டச் சொன்ன நபிமொழி, தீட்டிவிட்டதாக எண்ணிக்கொள்ளச் சொல்லவில்லை. விரல்நுனியால் தடவிப் பார்த்து அறுப்பவன் எவனோ அவனே அதனைப் பேணியவன். உண்மையை முற்றும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.