பக்க அமைப்பில் அளவு மாற்றம்: ஈய எழுத்து முதல் கணிப்பொறி வரை

அச்சிட்ட பக்கத்தைக் காண்போர் அதிலுள்ள சொற்களை நோக்குவர்; அச்சொற்களும் படங்களும் எவ்வளவில் நிற்கின்றன என்பதைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. எனினும், மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அமைக்கும் மரபு நம் பதிப்புலகில் உண்டு. அங்கு அளவு பொருளுணர்த்தும் கருவியாகின்றது. கல்வெட்டு, ஓலைச்சுவடி ஆகியவற்றின் படங்களை வெளியிடுமிடத்து அளவு சான்றாகவே அமைகின்றது. இந்நாளில் ஆராய்ச்சியாளர் பலர் தம் நூலின் பக்கங்களைக் கணிப்பொறியில் தாமே அமைக்கின்றனர். ஆதலின், பக்கத்திலுள்ள பொருள்களின் அளவை மாற்றும் ஆற்றல் எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அவ்வளர்ச்சியில் எக்காவல் நீங்கிற்று என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

ஈய எழுத்தும் அளவும்

உலோக அச்செழுத்துக் காலத்தில் அளவு என்பது எழுத்தோடு உடன்பிறந்தது. வார்த்த எழுத்தைப் பெருக்கவோ சுருக்கவோ இயலாது. வேறளவு வேண்டின் வேறெழுத்தே வார்த்தல் வேண்டும். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். செருமனியின் ஹாலே நகரில் உருவாக்கப்பெற்ற தமிழெழுத்துகள் கி.பி. 1713இல் அங்கு வந்து சேர்ந்தன. அவை பெரியனவாக இருந்தமையின் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714இல் அப்பெரிய எழுத்துகளால் அச்சாயிற்று. பின்னர்ப் பொறையாற்றில் ஆட்லர் என்பவர் சிறிய எழுத்துகளை வார்த்தளிக்க, எஞ்சிய பகுதி 1715இல் அவற்றால் நிறைவேறியது. எழுத்தைச் சிறிதாக்குதல் என்னும் ஒரு செயலுக்கு வார்ப்புக்கூடமொன்று வேண்டியிருந்தது என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

இவ்வருமையால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே எழுத்தை வெட்டியவர், சிறிய எழுத்தில் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கினர், உள்வெளியை அகலமாக்கினர், எழுத்துகளுக்கு இடையே சிறிது கூடுதல் இடம் விட்டனர். பெரிய எழுத்திலோ மெல்லிய கோடுகளை அமைத்தனர். சிறிய எழுத்து பெரிய எழுத்தின் குறுகிய நிழலன்று; அவ்வளவுக்கென்றே பிறந்த தனி வடிவம் அது. தமிழைப் பொறுத்தவரை இது மிக இன்றியமையாதது. சுழிகளின் உள்வெளி மையால் அடைபடின் எழுத்து மயங்கும். புள்ளி மறையின் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

ஒரு மூலமும் பல அளவும்

அளவையும் வடிவையும் பிரிக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. அமெரிக்கரான லின் பாய்டு பென்டன் 1885இல் எழுத்துவெட்டும் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய மாதிரி ஒன்றன் விளிம்பை ஒரு முனை தொட்டுச் செல்ல, மறுமுனை அதனைச் சிறிய அளவில் வெட்டும். ஆயினும், அளவுக்கேற்பச் சிறு திருத்தங்கள் செய்ய அப்பொறி இடந்தந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இகோனே, மொய்ரூ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் இருவர் உருவாக்கிய ஒளி அச்சுக்கோப்புப் பொறியால் 1953இல் முழுநூலொன்று அமெரிக்காவில் வெளிவந்தது. அம்முறையில் எழுத்து உலோகமன்று. படச்சுருள் மேல் விழும் ஒளி. வில்லையை மாற்றினால் ஒரே மூலத்திலிருந்து பல அளவுகள் கிடைத்தன. அளவுக்கேற்ற தனிவடிவம் என்னும் மரபு இவ்வாறு நெகிழத் தொடங்கியது.

படங்களுக்கோ ஒளிப்படக் கருவியே முன்னரும் பயன்பட்டது. பிளாக் செய்வோர் மூலப்படத்தைக் கருவியின் முன் நிறுத்தி, வேண்டிய அளவுக்குச் சுருக்கிப் பிடித்தனர். இங்கு ஓர் உண்மை ஊன்றி நோக்கற்பாலது. வழக்கமான வில்லை, நீளத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கும். ஒன்றைச் சுருக்கி மற்றொன்றை விட்டுவிட அதற்குத் தெரியாது. விகிதத்தைக் காத்தது தொழிலாளியின் கவனம் மட்டுமன்று. ஒளியின் இயல்பும் ஆகும்.

அளவு எண்ணாகிய வரலாறு

கணிப்பொறியின் வருகையால் இவ்வியற்கைக் காவல் நீங்கியது. 1963இல் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து தம் ஆய்வேட்டிற்காக உருவாக்கிய ‘ஸ்கெச்பேடு’, திரையில் வரைந்த உருவத்தைப் பெருக்கவும் சுருக்கவும் திருப்பவும் இடந்தந்தது. உருவம் என்பது எண்களின் தொகுதி. அதன் அளவை மாற்றுதல் பெருக்கற் கணக்கு. இக்கருத்து அச்சுத்தொழிலை அடைய இருபதாண்டுகள் ஆயின. ஜான் வார்னாக், சார்லசு கெஸ்கி ஆகியோர் 1982இல் நிறுவிய அடோபி நிறுவனம், 1984இல் ‘போஸ்ட்ஸ்கிரிப்டு’ என்னும் பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டது. அம்மொழியில் அளவு மாற்றும் கட்டளை இரண்டு எண்களைப் பெறும்: ஒன்று அகலத்துக்கு, மற்றொன்று உயரத்துக்கு. இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்னும் விதி அதில் இல்லை. வில்லை அறியாத உரிமையைக் கணிப்பொறி இவ்வாறு பெற்றது.

1985இல் பால் பிரெயினர்டின் ஆல்டசு நிறுவனம் ‘பேஜ்மேக்கர்’ மென்பொருளை வெளியிட்டது. பழைய வெனிசு நகரத்து அச்சாளர் ஆல்டசு மனூத்தியசின் பெயரையே அந்நிறுவனம் தாங்கியிருந்தது. படமொன்றைச் சுட்டியால் தொட்டவுடன் அதனைச் சுற்றி எட்டுக் கைப்பிடிகள் தோன்றும்: மூலைகளில் நான்கு, பக்கங்களின் நடுவில் நான்கு. எதனைப் பற்றி இழுப்பினும் அளவு மாறும். விகிதம் மாறாதிருக்க வேண்டின் ஷிப்டு விசையையும் சேர்த்து அழுத்துதல் வேண்டும். அஃதாவது, விகிதம் சிதைதல் இயல்பாயிற்று. சிதையாமற் காத்தல் கூடுதல் முயற்சியாயிற்று. 1999இல் வந்த ‘இன்டிசைன்’ வேறு முறையைக் கொண்டது. அதில் படம் வேறு, படத்தைத் தாங்கும் சட்டகம் வேறு. கைப்பிடியை மட்டும் இழுத்தால் பொதுவாகச் சட்டகமே மாறும். உள்ளிருக்கும் படம் மாறாது, அதன் ஓரம் மறைக்கப்படும். படத்தையும் உடன் மாற்ற வேறு விசைகள் வேண்டும். தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் பேஜ்மேக்கரிற் பழகிய கைகள் இன்டிசைனுக்கு மாறியபோது, ஒரே கையசைவு வேறு விளைவு தந்தமை வியப்பன்று. எனவே, ‘அளவு மாற்றம்’ என்னும் ஒரு பெயருக்குள் சட்டக மாற்றம், விகிதங்காத்த மாற்றம், விகிதஞ்சிதைந்த மாற்றம் என மூவேறு செயல்கள் அடங்கியுள்ளன என்பது பெறப்படும்.

சான்று திரிதல்

இதனால் ஆராய்ச்சிக்கு நேரும் தீங்கு யாது என வினவலாம். 12 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உடைய கல்வெட்டு மைப்படியின் படமொன்றை 9 செ.மீ. அகலமுள்ள பத்தியில் அமைக்கின்றோம் எனக் கொள்வோம். விகிதம் காப்பின் உயரம் 6 செ.மீ. ஆகும். பக்கக் கைப்பிடியை மட்டும் இழுப்பின் உயரம் 8 செ.மீ. ஆகவே நிற்கும், எழுத்து ஒவ்வொன்றும் தன் அகலத்தில் காற்பங்கை இழக்கும். வட்டமான வளைவு நீள்வட்டமாகும். அகன்ற எழுத்து நெடிய எழுத்தாகும். எழுத்தின் அகலமும் உயரமும், வளைவின் வடிவும் காலக்கணிப்புக்குரிய சான்றுகளுட் சிலவாகும். அச்சிட்ட படத்தை மட்டும் கண்டு ஆராய்வோர், கல்தச்சன் வெட்டாத வடிவத்தைக் கல்லில் உள்ளதாகக் கருத நேரும்.

மற்றொரு தீங்கு நுண்மையானது. 4 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட படத்தை 8 அங்குலமாக்கினால், அங்குலத்துக்கு 150 புள்ளிகளே நிற்கும். படம் பெரிதாகும், செய்தி பெருகாது. மாறாகப் படத்தைச் சிறிதாக்கிப் புள்ளிகளையும் குறைப்பின், பல புள்ளிகளின் நிறம் ஒன்றாகச் சராசரியாக்கப்படும். அப்போது சிறு குறியொன்று சுற்றுநிறத்திற் கரைந்து மறைதல் கூடும். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் காலத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் அவர்கள், 2003இல் வெளியான தம் பெருநூலில், புள்ளி இடும் வழக்கைக் காலப்பகுப்புக்குரிய குறிப்பாகக் கொண்டமை அறிஞர் அறிவர். அத்தகைய புள்ளி ஒன்று பக்க அமைப்பில் மறையுமாயின் இழப்பு அழகைச் சார்ந்ததன்று, வரலாற்றைச் சார்ந்தது.

‘படம் மூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு’ எனக் குறிப்பெழுதுவதும் போதாது. அச்சுக்குச் செல்லுமுன் படம் மீண்டும் மாற்றப்படின் அக்குறிப்பு பொய்யாகிவிடும். படத்தினுள்ளேயே அளவுகோலை வைத்துப் படமெடுத்தல் நன்று. படம் மாறும்போது கோலும் உடன் மாறும். ஆனால், கிடையாக ஒரு கோல் மட்டும் இருப்பின் உயரத்தின் சிதைவு வெளிப்படாது. கிடையாக ஒன்றும் நெடிதாக ஒன்றும் என இரண்டு கோல்கள் வைப்பின், இரண்டும் ஒத்த அளவினவா எனக் காணும் எவரும் சிதைவை உடனே அறிவர்.

அச்சுலகமும் தான் இழந்ததை மீட்க முயன்றுள்ளது. 2016இல் அறிமுகமான மாறியல் எழுத்துருக்களில், அளவுக்கேற்பக் கோட்டின் தடிப்பையும் உள்வெளியையும் மாற்றும் வழியொன்று வகுக்கப்பட்டது. உலோகத்தில் எழுத்து வெட்டியோர் கண்ணாற் செய்ததை எண்ணாற் செய்யும் முயற்சி அது. எழுத்துக்கு இவ்வாறு காவல் மீளினும், சான்றாகும் படத்தின் விகிதத்தைக் காக்கும் பொறுப்பு அதனை வெளியிடுவோரிடமே உள்ளது. பாடபேதத்தைக் குறிக்காது மூலத்தைத் திருத்துதல் பதிப்பாசிரியர்க்கு எவ்வளவு பொருந்தாதோ, அவ்வளவு பொருந்தாதது கல்வெட்டின் உருவை இடத்துக்கேற்ப நெருக்குதல். இடம் போதாதெனில் படத்தை ஒரே விகிதத்திற் சுருக்குக; அன்றேல் பகுதியாக்கி வெளியிடுக. அளவு நம் கைக்கு எளிதானமையின் அதனைக் காப்பதும் நம் கடனாயிற்று என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபாகும்.