பருவுக்கு யார் பொறுப்பு?

"முகத்தை ஒழுங்காக் கழுவுறேல்லையோ?" பரு வந்த எல்லாரும் கேட்டுப் புளித்த கேள்வி.

முடிவேர்களோடு ஒட்டியிருக்கும் நெய்ச்சுரப்பிகள்தான் தோலையும் முடியையும் காயவிடாமல் காக்கின்றன. அவை ஏன் பதின்ம வயதில் எண்ணெயைக் கொட்டுகின்றன?

விதைகள் முதிராத ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹமில்டன் கவனித்தார். ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டெரோனைக் கொடுத்தபோது சிலருக்குப் பரு வந்தது. 1941இல் அதை எழுதினார். அடுத்த வருசம், பரம்பரையில் வழுக்கை இருந்தால் அதே ஓமோன் முடியையும் உதிர்க்கும் என்று காட்டினார். பெண்களின் உடலிலும் அந்த ஓமோன் கொஞ்சம் உண்டு.

சவர்க்காரம் போட்டு எவ்வளவுதான் தேய்த்தாலும் சுரப்பி அடங்காது, தோல்தான் காயும். பரு வந்தது உங்கட பிழையில்லை. கூடினால் தோல் வைத்தியரிட்டப் போங்கோ.