மிலிட்டரி நர்ஸ் ஆகணுமா? காத்திருக்கும் மாதங்களைக் கடப்பது எப்படி?

நீட் ரிசல்ட் வந்தாச்சு. ‘ஜாயின் இந்தியன் ஆர்மி’ இணையதளத்துல ரெஜிஸ்டரும் பண்ணியாச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம், ரெண்டு மாசம்னு ஓடுது, மெயில்ல ஒண்ணும் வரலை. செம்மேடு பஸ் ஸ்டாண்டுல பார்க்கிறவங்க எல்லாம் “என்னம்மா, மிலிட்டரிக்குப் போறேன்னு சொன்னியே, என்னாச்சு?”ன்னு கேட்க ஆரம்பிச்சிருப்பாங்க. வீட்டுல இன்னொரு பேச்சும் மெதுவா தொடங்கியிருக்கும். எந்தப் பேச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

கொல்லிமலை மாதிரி இடத்துல இருந்து விண்ணப்பிக்கிற பெண்ணுக்கு இந்தத் தாமதம் வெறும் பொறுமைச் சோதனை இல்லை. அந்த இடைவெளியில கைக்கு வந்த வேற சீட் போகலாம், ஒரு வருஷம் போகலாம், சில வீடுகள்ல படிப்பே நின்னு போகலாம். அதனால தாமதம் எங்கெங்கே வருது, அப்போ என்ன செய்யணும்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

முதல்ல, எந்த வழி உங்களோடது?

ராணுவ நர்ஸிங் சேவைன்னு சொல்லப்படுற எம்.என்.எஸ்-க்கு ரெண்டு வாசல் இருக்கு. ஒண்ணு, ப்ளஸ் டூ முடிச்சதும் பி.எஸ்ஸி நர்ஸிங். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூருன்னு 6 ராணுவ நர்ஸிங் கல்லூரிகள், எல்லாம் சேர்த்து 220 இடங்கள். 4 வருஷப் படிப்பு, செலவு அரசோடது, முடிச்சதும் லெப்டினன்ட். 2022-லிருந்து இதுக்கு நீட் மதிப்பெண்தான் அடிப்படை. ரெண்டாவது வாசல், வெளியில நர்ஸிங் டிகிரி முடிச்சவங்களுக்கான ஷார்ட் சர்வீஸ் கமிஷன்.

ரெண்டுமே பெண்களுக்கு மட்டும். தம்பிகளுக்குத் தனியா ‘நர்ஸிங் அசிஸ்டென்ட்’ பிரிவு இருக்கு. அது சிப்பாய் நிலைப் பணி, நாமக்கல் மாவட்டத்துக்குக் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம் வழியா வரும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு, அண்ணன் போன ரேலிக்கே தங்கச்சியையும் கூட்டிட்டுப் போனா பஸ் காசுதான் நஷ்டம்.

தாமதம் எங்கிருந்து வருது?

பெரும்பாலும் முதல் கண்ணியிலேயே. நீட் தள்ளிப் போனா அதுக்குப் பின்னாடி இருக்கிற எல்லாமே தள்ளிப் போகும். 2020-ல செப்டம்பர் 13, 2021-ல செப்டம்பர் 12, 2022-ல ஜூலை 17-ன்னு தேர்வு நடந்தது. 2024-ல தேர்வு மே 5-ஆம் தேதியே முடிஞ்சும், வினாத்தாள் சர்ச்சை, வழக்குன்னு இழுத்து, திருத்தின இறுதி ரிசல்ட் ஜூலை 26-லதான் வந்தது. அதுக்கப்புறம் ஷார்ட்லிஸ்ட், பொது அறிவுத்திறன் - ஆங்கிலத்துக்கான கம்ப்யூட்டர் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, மெரிட் லிஸ்ட். இதுல ஒவ்வொண்ணும் தனித்தனி வாரங்கள். ஆகவே உங்க ஃபைல் எங்கேயோ தொலைஞ்சுடுச்சுன்னு உடனே பயப்பட வேண்டாம்.

ஷார்ட் சர்வீஸ் வழியில இன்னொரு விதமான சிக்கல். இதுக்கு வருஷா வருஷம் குறிச்ச தேதியில அறிவிப்பு வரும்னு நம்பி உட்கார முடியாது. ஆனா வந்தா மின்னல் வேகம்! 2023-ல டிசம்பர் 11-லிருந்து 26 வரைதான் விண்ணப்பிக்க அவகாசம். தேர்வு 2024 ஜனவரி 14. ஆமாங்க, போகி அன்னைக்கு. வீடு வெள்ளையடிச்சிட்டு இருக்கும்போது பரீட்சை. மாசக்கணக்கா காத்திருந்து, கடைசியில அந்த 16 நாள்ல நர்ஸிங் கவுன்சில் பதிவுச் சான்று கையில இல்லாம தவறவிட்டா எப்படி இருக்கும்? அதனால டிகிரி முடிச்ச கையோட கவுன்சில்ல பதிவு பண்ணிடுங்க. இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

மலைக்கே உரிய தாமதங்கள்

இப்போ அழைப்புக் கடிதம் தபால்ல வர்றதில்லை. மெயில், எஸ்.எம்.எஸ், இணையதளம்தான். மலையில எத்தனையோ ஊர்கள்ல சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏறணும். அதனால விண்ணப்பத்துல கொடுக்கிற நம்பர் உங்க வீட்டுல டவர் எடுக்கிற நெட்வொர்க்கா இருக்கட்டும். ரீசார்ஜ் முடிஞ்சு நம்பர் செத்துப் போகாம பார்த்துக்கோங்க. பிரவுசிங் சென்டர் அண்ணனோட மெயில் ஐடியைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. அவர் நல்லவராவே இருக்கட்டும், அவர் இன்பாக்ஸை நீங்க தினமும் திறந்து பார்க்க முடியாதே! வாரம் ரெண்டு தடவை நீங்களே இணையதளத்துல லாகின் பண்ணிப் பாருங்க. மெயில்ல ஸ்பேம் ஃபோல்டரையும் சேர்த்து.

அடுத்தது, இனிஷியல். வடக்கே இருக்கிறவங்களுக்கு நம்ம இனிஷியல் எப்பவுமே புரியாத புதிர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல ‘கே’, ஆதார்ல அப்பாவோட முழுப்பெயர், ரேஷன் கார்டுல வேற எழுத்துன்னு இருந்தா சரிபார்ப்புல நிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல என்ன இருக்கோ, அதுக்கு மத்ததை இப்பவே மாத்திக்கோங்க. காத்திருக்கிற மாசத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

மலையாளி சமூகத்துப் பிள்ளைகளுக்கு எஸ்.டி சான்றிதழ் கோட்டாட்சியர் விசாரணைக்குப் பிறகுதான் கிடைக்கும், அதுக்கு எவ்வளவு அலையணும்னு சொல்லவே வேண்டாம். எம்.என்.எஸ் தேர்வுல சாதி இட ஒதுக்கீடு கிடையாது. ஆக, இந்தச் சான்று வரலைங்கிறதுக்காக ராணுவ விண்ணப்பத்தை நிறுத்தாதீங்க. ஆனா தமிழ்நாடு அரசு நர்ஸிங் சீட்டுக்கு அது அவசியம். அதனால அலைச்சல் தொடரட்டும்.

பயணமும் இருக்கு. நேர்காணல், மெடிக்கலுக்கு வெளி மாநிலம் போக வேண்டியிருக்கும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளி தாண்டி, சேலம் ஜங்ஷன் போய் ரயில் ஏறணும். அழைப்பு வந்து சில நாள்ல கிளம்புற மாதிரி, மிளகு வித்த காசுல கொஞ்சம் தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க.

வேற சீட்டை விடலாமா?

எல்லாருக்கும் இருக்கிற பெரிய கேள்வி இது. நான் சொல்றது, விடாதீங்க. தமிழ்நாட்டுல பி.எஸ்ஸி நர்ஸிங் அரசுக் கலந்தாய்வு ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வெச்சு நடக்குது. அதுல இடம் கிடைச்சா சேர்ந்துடுங்க. 220 இடத்துக்கு நாடு முழுக்கப் போட்டி. அதை நம்பிக் கையில இருக்கிறதை விட வேண்டியதில்லை. சேரும்போதே ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க: நடுவுல விலகினா கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, நேர்காணலுக்கு ஒரிஜினல் சான்றிதழ்களைத் தற்காலிகமா வாங்க முடியுமா. வாய்ப்பேச்சா இல்லாம எழுத்துல வாங்கினா நிம்மதி.

ராணுவ பி.எஸ்ஸி-க்கு 25 வயசு வரை வாய்ப்பு உண்டு. அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம். அதுவும் வரலைன்னா, 4 வருஷம் கழிச்சு டிகிரியோட ரெண்டாவது வாசல். 2023 அறிவிப்புல அதுக்கு வயசு 21 முதல் 35 வரை.

மெடிக்கல்ல தள்ளுபடி ஆனாலும் கதை முடியலை. காதுல அழுக்கு, சொத்தைப் பல், ரத்தசோகைன்னு சரிபண்ணக்கூடிய காரணங்கள் நிறைய. மேல்முறையீட்டு மெடிக்கலுக்கு எத்தனை நாள் கெடுன்னு அவங்க கொடுக்கிற தாள்ல இருக்கும், அதை அங்கேயே நின்னு படிச்சுட்டு வெளிய வாங்க. இன்னும் புத்திசாலித்தனம், காத்திருக்கிற மாசத்துலயே செம்மேடு அரசு மருத்துவமனையில ஹீமோகுளோபின் பார்த்துடுறது. முருங்கைக்கீரையும் ராகியும் மலையில இல்லாத பொருளா என்ன?

கல்யாணப் பேச்சு

பி.எஸ்ஸி-ல சேர கல்யாணம் ஆகாதவங்க, இல்லைன்னா விவாகரத்து ஆனவங்க, கணவரை இழந்தவங்களா இருக்கணும். அதனால ‘லெட்டர் வர்ற வரைக்கும் நிச்சயம் மட்டும் பண்ணி வைப்போம்’னு ஆரம்பிக்கிறவங்ககிட்ட, அந்த விதியையே எடுத்துக் காட்டலாம்.

பணியில சேர்ந்த பிறகு கல்யாணம் தடை இல்லை. முன்னாடி அப்படி இல்லை. எம்.என்.எஸ் லெப்டினன்ட் செலினா ஜான், கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்காக 1988-ல பணியிலிருந்து அனுப்பப்பட்டார். அதுக்குக் காரணமான 1977-ஆம் வருஷத்து ராணுவ உத்தரவு 1995-ல விலக்கிக்கொள்ளப்பட்டது. அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 பிப்ரவரியில! வீட்டுல இதைப் படிச்சுக் காட்டுங்க.

ஒண்ணுமே தகவல் இல்லைன்னா?

இணையதளத்துல இருக்கிற கேள்வி-பதில் பகுதி மூலமா விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்க. பதில் இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. மத்திய அரசோட ஆன்லைன் தளத்துல 10 ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு அதுவும் கிடையாது. 30 நாள்ல பதில் தரணும். ‘ஏன் லேட்?’னு கேட்காதீங்க, அதுக்குப் பதில் வராது. ‘இந்த விண்ணப்ப எண் எந்த நிலையில் உள்ளது? ஷார்ட்லிஸ்ட் கட்-ஆஃப் என்ன?’ன்னு கேளுங்க.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஒருத்தர் வருவார். “எனக்கு டெல்லியில ஆள் தெரியும், ரெண்டு லட்சம் ஆகும்”பார். சந்தைக்கு வந்தவர் மாதிரியும் இருப்பார், தூரத்துச் சொந்தம் மாதிரியும் இருப்பார். மெரிட் லிஸ்ட்ல பேரை ஏத்த யாராலயும் முடியாது. பேசினதை, நம்பரை, மெசேஜை எல்லாம் சேமிச்சு வெச்சு, 1930-க்குப் போன் பண்ணுங்க, இல்லைன்னா வாழவந்திநாடு ஸ்டேஷன்ல புகார் கொடுங்க. பணம் கொடுத்த பிறகு இல்லை, கேட்ட அன்னைக்கே.