விருந்து மேசையில் பிறந்த புதிர்

ஒரு சதுரத்தை ஏழு துண்டுகளாக வெட்டி உருவங்கள் அமைக்கும் டேன்கிராம் புதிர் நாலாயிரம் ஆண்டுப் பழமையானது என்று புதிர்ப் புத்தகங்கள் இன்றும் எழுதிவருகின்றன. அந்தக் கணக்கின் மூலம், அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்டு 1903இல் வெளியிட்ட நூல். டான் என்றொரு தெய்வம் இதைப் படைத்ததாக அதில் அவர் கதை கட்டினார். இங்கிலாந்தின் பெரிய புதிர் வல்லுநரான டியூடெனியே முதலில் அதை நம்பிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, சீனாவில் பேராசிரியராக இருந்த தம் மகன் வழியாக அங்குள்ள அறிஞர்களிடம் விசாரித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அப்படியொரு தெய்வத்தை அங்கே யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழைய சீன டேன்கிராம் நூல் 1813ஆம் ஆண்டுக்குரியது.

பொய்யை நீக்கினால் வரலாறு வறண்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தப் புதிரின் வேர் தச்சரின் வேலையில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். சீனாவின் சோங் அரசர் காலத்தில், 1194இல் வெளிவந்த ஒரு நூல், ஒரே அகலமும் மூன்று வகை நீளமும் கொண்ட ஏழு மேசைகளை விருந்தினரின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றி மாற்றிச் சேர்த்துப் போடும் முறைகளைப் படங்களோடு விளக்கியது. அவை எல்லாம் செவ்வகங்கள். 1617இல் வந்த இன்னொரு நூலில் மேசைகள் பதின்மூன்று; முக்கோணங்களும் சரிவகங்களுமாக விரிந்த பட்டாம்பூச்சிச் சிறகின் வடிவில் அடங்குபவை. செங்கோணத்தோடு நின்ற வெட்டு இங்கே 45 பாகைக்கு வந்துவிட்டது. டேன்கிராமின் உயிரும் அந்த வெட்டில்தான் இருக்கிறது. அதன் சின்ன முக்கோணத்தை ஓரலகு என்று கொண்டால் நடு முக்கோணம், சதுரம், இணைகரம் ஒவ்வொன்றும் இரண்டு, பெரிய முக்கோணம் நான்கு. ஏழு துண்டும் சேர்ந்து பதினாறு. ஒரே அளவில் பிறந்தவை என்பதால்தான் பல துண்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

1813க்கு முந்தைய நூல் இல்லை என்பதால் விளையாட்டும் இல்லை என்றாகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பிள்ளைகள் ஆடுவதை யாரும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. ஜப்பானில் 1742லேயே, வேறு விதமாக வெட்டிய ஏழு துண்டுகளுக்கு ஒரு நூல் வந்திருக்கிறது. ஆகவே 1813க்குச் சில பத்தாண்டுகள் முன்பே சீனாவில் இது ஆடப்பட்டிருக்கக்கூடும். அந்தச் சலுகை நாலாயிரம் ஆண்டுவரை நீளாது. ஆர்க்கிமிடீஸின் பதினான்கு துண்டுப் புதிரைக் காட்டி, இரண்டும் ஒரே மரபு என்பாரும் உண்டு. ஆனால் ஆர்க்கிமிடீஸ் புதிரின் துண்டுகளுக்குப் பொதுவான கோண அளவு கிடையாது. அவற்றைக் கொண்டு சதுரத்தை 17,152 வழிகளில் அடுக்கலாம் என்று 2003இல் கணினி கணக்கிட்டது. சுழற்சியையும் பிரதிபலிப்பையும் ஒரே மாதிரித் துண்டுகளின் இடமாற்றத்தையும் கழித்தாலும் 536 வழிகள் மிஞ்சுகின்றன. அப்படிக் கழித்துப் பார்த்தால் டேன்கிராமில் சதுரத்துக்கு இருப்பது ஒரே வழி. ஆனால் ஓடும் மனிதன், பூனை, படகு என்று அது தரும் உருவங்களோ ஆயிரக்கணக்கில்.