முரண்நகையின் வகைகள்: லண்டன் தரும் சான்றுகள்

சொன்னதற்கும் கருதியதற்கும், நம்பியதற்கும் நடந்ததற்கும் இடையே விழும் இடைவெளியில் பிறப்பது முரண்நகை. அந்த இடைவெளியை யார் அறிந்திருக்கிறார் என்பதைக் கொண்டே அதன் வகைகளைப் பிரித்துவிடலாம். சொல்பவர் அறிந்தே சொன்னால் அது சொல் முரண். பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருந்தால் நாடக முரண். நடந்து முடியும்வரை எவருமே அறியாதிருந்தால் நிலைமை முரண்.

சொல் முரண் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுக்கும்போது, பின்னது பழிப்பை மறைத்துச் சொல்வதாகிறது. புறநானூற்றின் 95ஆம் பாட்டு இதற்கு நல்ல சான்று. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு இருக்கின்றன என்கிறார் ஔவையார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். போர் காணாத வேல்தான் பளபளக்கும் என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கேட்பவர் அப்படியே நம்பிவிட்டால் இந்த உத்தி ஆபத்தாகும். 1702 டிசம்பரில் லண்டனில் பெயரில்லாத துண்டுநூல் ஒன்று வெளியானது. அரசத் திருச்சபையை ஏற்காதவர்களை நாடு கடத்த வேண்டும், அவர்களின் போதகர்களைத் தூக்கிலிட வேண்டும் என்றது அது. திருச்சபைத் தீவிரர்கள் சிலர் மகிழ்ந்து வரவேற்றனர். எழுதிய டேனியல் டீஃபோவோ அந்த மாற்றுப் பிரிவினரில் ஒருவர். தீவிரர்களின் குரலையே எடுத்துப் பேசி அவர்களை நையாண்டி செய்திருந்தார். உண்மை தெரிந்ததும் வழக்கு வந்தது. 1703 ஜூலை இறுதியில் மூன்று நாள் அவரைத் தொழுமரத்தில் மாட்டிப் பொதுமக்கள் முன் நிறுத்தினார்கள். நையாண்டி புரியாமல் பாராட்டியவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

நாடக முரணுக்குச் சிலப்பதிகாரத்தை விஞ்ச எளிதில் வேறொன்று கிடைக்காது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் தன் மனைவி கண்ணகியின் சிலம்பை விலைபேசப் போகிறான். அந்தக் கொல்லன் மனத்தில் ஓடுவதைப் படிப்பவர் அறிவார். அவன் குடிலருகே நம்பிக்கையோடு காத்திருக்கும் கோவலன் அறியான். வழக்குரை காதையில் நிலை இன்னும் கூர்மையாகிறது. தன் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியன் தன் வாயாலேயே சொல்கிறான். கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். தேம்ஸ் தென்கரையின் குளோப் அரங்கில் மக்பெத் நாடகம் காண்போருக்கும் இதே தவிப்புதான்: தன்னைக் கொல்லப்போகிறவனின் கோட்டையை மன்னன் டங்கன் மனமாரப் புகழ்வான்.

இவற்றுக்கு இடையே அறியாமை முரண் என்றொரு சிறு கிளை உண்டு. பேசுபவர் வெகுளியாகவே பேச, படிப்பவர் சிரிப்பார். ஆற்றைக் கடந்தபின் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருவரைக் காணோம் என்று கூடி அழும் பரமார்த்த குருவின் சீடர்கள் இவ்வினம். வீரமாமுனிவரின் இக்கதைநூலைத் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 1822இல் லண்டனில் வெளியிட்டவர், சென்னையில் பணியாற்றித் திரும்பிய பெஞ்சமின் பாபிங்டன். அவரே பின்னாளில் மருத்துவராகி, 1850இல் தொடங்கிய லண்டன் கொள்ளைநோய் ஆய்வுக் கழகத்தின் முதல் தலைவரானார்.

அந்தக் கழகம் பிறக்கக் காரணமான காலராதான் நிலைமை முரணின் பாடநூல். நாற்றமே நோய் என்று நம்பிய எட்வின் சாட்விக் முதலிய சுகாதாரச் சீர்திருத்தக்காரர்கள், 1840களின் இறுதியில் வீட்டு மலக்குழிகளை ஒழித்துக் கழிவைச் சாக்கடை வழியே தேம்ஸில் தள்ளச் செய்தார்கள். நகரின் பெரும்பகுதி குடித்தது அதே ஆற்று நீர். 1848-49 காலராவில் லண்டனில் சுமார் 14,000 பேர் இறந்தார்கள்.

நோய் நீரில் பரவுகிறது என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1854இல் பிராட் தெருக் குழாயைச் சுற்றிப் பிணங்கள் விழுந்தபோது, அருகிலிருந்த மதுவடிப்பு ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் காலராவால் சாகவில்லை. ஆலை தந்த பீர் இருக்க, அவர்கள் அந்தத் தெருக்குழாயை நாடவில்லை. இதைப் பதிவுசெய்த ஸ்னோ மதுவிலக்கு உறுதிமொழி எடுத்தவர்.

1858 கோடையில் தேம்ஸின் பெருநாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வீசியது. சுண்ணக் கரைசலில் நனைத்த திரைகளும் பயன் தராமல்போக, அவசரமாகச் சட்டம் நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பேசல்கெட் பெருஞ்சாக்கடைகளை அமைத்தார். நாற்றத்தைப் போக்கக் கட்டியவை காலராவைப் போக்கின. தவறான கொள்கை சரியான வேலையைச் செய்துவிட்டது. 1866இல் கடைசிக் காலராக் கொள்ளைநோய் வந்தபோது, அது பெரிதும் தாக்கியது புதிய சாக்கடை இன்னும் முழுமையாக எட்டாத கிழக்கு லண்டனைத்தான்.

ஸ்னோ இதைக் காணவில்லை. பெருநாற்றம் கிளம்பிய அதே ஜூனில் 16ஆம் நாள் இறந்துபோனார். லான்செட் மருத்துவ இதழ் சில வரிகளில் வெளியிட்ட இரங்கல் குறிப்பு, மயக்க மருந்தில் அவர் செய்த பணியை மட்டும் சொன்னது. காலராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கான திருத்தத்தை இதழ் 2013இல் வெளியிட்டது.