11 இறுதியாட்டம், 11 தோல்வி: அயர்லந்தின் மேயோ ரசிகர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள்?

பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யை மறந்திருக்கமாட்டீர்கள். 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்கள். மூன்றிலும் வெள்ளி.

"இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்" என்றது ஒரு தரப்பு. "எல்லாம் சரி, தங்கம் எங்கே?" என்றது இன்னொரு தரப்பு. காப்பிக் கடையில் நீங்களும் ஏதாவது ஒரு பக்கம் பேசியிருப்பீர்கள்.

அயர்லந்தின் மேற்குக் கரையில் மேயோ என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே அதே வாதம் ஒரு தலைமுறைக்கும் மேலாக ஓயாமல் நடக்கிறது. ஆனால் அங்கே தோல்விக் கணக்கு மூன்று அல்ல, 11.

அந்த வாதம் எதைப் பற்றியது? யார் சொல்வதில் நியாயம்?

முதலில், இது என்ன ஆட்டம்?

கேலிக் காற்பந்து. நாம் பார்த்துப் பழகிய காற்பந்து இல்லை.

• ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம்.
• கோல் கம்பம் ரக்பியில் இருப்பதுபோல் உயரமானது. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலையும் உண்டு.
• பந்து வலைக்குள் போனால் கோல். அதற்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி.
• 2025ஆம் ஆண்டிலிருந்து ஒரு மாற்றம். 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி.

ஆட்ட முடிவை 2-14 என்பதுபோல் எழுதுவார்கள். 2 கோல், அத்துடன் 14 புள்ளி என்று பொருள். மொத்தம் 20. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆண்டுதோறும் மாவட்ட அணிகள் மோதும் அனைத்து அயர்லந்து வெற்றியாளர் போட்டிதான் இந்த ஆட்டத்தின் உச்சம். பரிசு சாம் மெகுவாயர் கிண்ணம். ரசிகர்களுக்கு அது வெறும் 'சாம்'. இறுதியாட்டம் டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் நடக்கும். அங்கே 82,300 பேர் பார்க்கலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று: விளையாட்டாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. எல்லாருக்கும் வேறு வேலையோ படிப்போ இருக்கிறது. பெரும்பாலும் சொந்த ஊருக்காகவே ஆடுவார்கள். காசு கொடுத்து வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தை வாங்கிவர முடியாது.

மேயோவுக்கு என்னதான் ஆச்சு?

மேயோ கிண்ணத்தை வென்றது மூன்று முறை: 1936, 1950, 1951.

அதற்குப் பிறகு 38 ஆண்டுக்கு இறுதியாட்டத்தை எட்டவே இல்லை. 1989இல் எட்டியது. தோற்றது. அன்று தொடங்கிய கணக்கு இது:

• 1989: கார்க் அணியிடம் 3 புள்ளியில்
• 1996: மீத் அணியிடம், மறு ஆட்டத்தில் 1 புள்ளியில்
• 1997: கெர்ரி அணியிடம் 3 புள்ளியில்
• 2004: கெர்ரியிடம் 8 புள்ளியில்
• 2006: கெர்ரியிடம் 13 புள்ளியில்
• 2012: டொனெகால் அணியிடம் 4 புள்ளியில்
• 2013: டப்ளினிடம் 1 புள்ளியில்
• 2016: டப்ளினிடம், மறு ஆட்டத்தில் 1 புள்ளியில்
• 2017: டப்ளினிடம் 1 புள்ளியில்
• 2020: டப்ளினிடம் 5 புள்ளியில்
• 2021: டைரோன் அணியிடம் 5 புள்ளியில்

நான்கு முறை ஒரே ஒரு புள்ளி! பார்க்கும் நமக்கே வலிக்கிறது, அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருக்கும்?

'சாபம்' என்கிறார்களே, உண்மையா?

மேயோ பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கதை வராமல் போகாது. 1951இல் கிண்ணத்தோடு ஊர் திரும்பிய அணி ஃபாக்ஸ்ஃபர்ட் என்ற ஊரைக் கடந்தபோது அங்கே ஓர் இறுதிச்சடங்கு நடந்துகொண்டிருந்ததாம். அணியினர் நின்று மரியாதை செலுத்தவில்லையாம். அந்த அணியில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை மேயோ மீண்டும் வெல்லாது என்று பாதிரியார் சபித்துவிட்டாராம்.

எல்லாமே 'ஆம்'தான். அப்படி நடந்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

1951 அணியில் எஞ்சியிருந்த பேடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் தமது 95ஆம் வயதில் காலமானார். மேயோ டைரோனிடம் தோற்று இரண்டே வாரத்துக்குப் பிறகு. சாபக் கணக்குப்படி வழி திறந்திருக்கவேண்டும். ஆனால் அடுத்து வந்த நான்கு ஆண்டுகளில் மேயோ இறுதியாட்டத்தின் பக்கமே போகவில்லை.

ரசிகர்கள் எப்படிப் பிரிந்திருக்கிறார்கள்?

ஒரு தரப்பு: "இதுவே சாதனைதான்."

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேயோவில் சுமார் 138,000 பேர். டப்ளினில் 1.4 மில்லியனுக்கும் மேல். பத்து மடங்கு! பயிற்சி நிதியிலும் டப்ளினுக்கே அதிகம் போகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. மேயோவை மூன்று முறை ஒரு புள்ளியில் வென்ற டப்ளின், 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை கிண்ணம் வென்ற அணி. அந்த அணியை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனவர்கள் மேயோதான் என்கிறது இந்தத் தரப்பு. 2021 அரையிறுதியில் மேயோ டப்ளினை வீழ்த்தவும் செய்தது. வெற்றியாளர் போட்டியில் 45 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் இருந்த டப்ளினின் ஓட்டம் அன்று முடிந்தது.

இன்னொரு தரப்பு: "ஆறுதல் பேச்சு போதும்."

டப்ளின் பெரிய ஊர், சரி. டொனெகால்? அங்கே சுமார் 167,000 பேர். மேயோவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டைரோனும் டப்ளின் போன்ற மாநகரம் இல்லை. அவர்களால் முடிந்தது மேயோவால் ஏன் முடியவில்லை? 'பாவம், நல்லா ஆடினாங்க' என்று சொல்லிச் சொல்லியே தோல்வியைப் பழக்கமாக்கிவிட்டோம் என்பது இவர்களின் கோபம்.

மூன்றாவது தரப்பின் குரல் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கும்: "கேட்க நமக்கு என்ன உரிமை?"

மேயோ அணியினர் பலர் டப்ளினில் வேலை செய்பவர்கள். வேலை முடிந்து, நாட்டைக் குறுக்காகக் கடந்து வந்து பயிற்சி செய்துவிட்டு மறுநாள் மறுபடி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களைச் சம்பளம் வாங்கும் விளையாட்டாளர்களைப்போல் திட்டுவது நியாயமா?

எண்கள் என்ன சொல்கின்றன?

இப்போது அந்த 2-14 கணக்குக்கு வருவோம்.

2020 இறுதியாட்டம்: டப்ளின் 2-14, மேயோ 0-15.
2021 இறுதியாட்டம்: டைரோன் 2-14, மேயோ 0-15.

அச்சுப் பிசகாத அதே முடிவு! இரண்டிலும் கம்பத்துக்கு மேலே அதிக முறை அடித்தது மேயோதான், 15க்கு 14. ஆனால் எதிரணிகள் இரண்டு கோல் போட்டன, மேயோ ஒன்றும் போடவில்லை. 2021இல் மேயோவுக்குக் கிடைத்த பெனால்டி வாய்ப்பும் வீணானது.

பின்னோக்கிப் போனால் அதே கதை:

• 1996 மறு ஆட்டம்: மீத் 2-9, மேயோ 1-11
• 2012: டொனெகால் 2-11, மேயோ 0-13. இரண்டு கோலும் முதல் 11 நிமிடத்துக்குள்
• 2013: டப்ளின் 2-12, மேயோ 1-14
• 2016 முதல் ஆட்டம்: டப்ளின் 2-9, மேயோ 0-15. சமநிலை

அந்த 2016 ஆட்டத்தில் டப்ளினின் இரண்டு கோலுமே மேயோ ஆட்டக்காரர்கள் மேல் பட்டுச் சொந்த வலைக்குள் போனவை!

ஆக, சாபமும் இல்லை, மனத்திடம் இல்லாததும் இல்லை. ஆறு ஆட்டங்களில் புள்ளி அடிப்பதில் மேயோ எதிரணியை முந்தியிருக்கிறது. கோல் கணக்கில்தான் கோட்டைவிட்டது. "சாதனைதான்" என்பவர்களுக்கும் இது பதில், "ஆறுதல் போதும்" என்பவர்களுக்கும் இது பதில். அணி தரமானது என்பது உண்மை. ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது என்பதும் உண்மை.

மற்றவற்றில் அதிர்ஷ்டமும் விளையாடியது. 2017இல் கடைசி நேரத்தில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது மேயோ உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிறகு டப்ளினின் டீன் ராக் வெற்றிப் புள்ளிக்காகப் பந்தை உதைக்கத் தயாரானார். அவர் கவனத்தைக் கலைக்க மேயோவின் லீ கீகன் தமது சட்டைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவியையே எடுத்து எறிந்தார். பலனில்லை, பந்து மேலே பறந்தது.

எதிர்பார்ப்பு எப்போது சுமையாகிறது?

2015. டப்ளினிடம் அரையிறுதி மறு ஆட்டத்தில் மேயோ தோற்றது. பயிற்றுவிப்பாளர்கள் இருவரும் பொறுப்பேற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. விளையாட்டாளர்களே அவர்கள்மீது நம்பிக்கை இல்லை என்று வாக்களித்தனர். இருவரும் விலகினர். ஊர் இரண்டாகப் பிரிந்தது. 'சம்பளம் இல்லாமல் உழைப்பவர்களுக்குத் தரமான பயிற்சி கேட்க உரிமை உண்டு' என்றனர் சிலர். 'பயிற்றுவிப்பாளர்களும் ஊர்க்காரர்கள்தானே, இப்படியா நடத்துவது?' என்றனர் மற்றவர்கள்.

அடுத்த ஆண்டு சோதனை வேறு வடிவில் வந்தது. 2016 மறு ஆட்டத்துக்குப் புதிய பயிற்றுவிப்பாளர் ஸ்டீபன் ரோச்ஃபர்ட் கோல்காப்பாளரை மாற்றினார். புதிதாக வந்தவர் உயரமாக வந்த பந்தைத் தவறவிட்டு, எதிரணி ஆட்டக்காரரை இழுத்துச் சாய்த்தார். கறுப்பு அட்டை, வெளியேற்றம், பெனால்டி. ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டிருந்த பழைய கோல்காப்பாளரே ஓடிவந்து அந்தப் பெனால்டியை எதிர்கொண்டார். தடுக்க முடியவில்லை. மேயோ 1 புள்ளியில் தோற்றது.

ஏன் மாற்றினார்? இன்றும் விவாதம் ஓயவில்லை. பயிற்றுவிப்பாளரின் முடிவைக் கேள்வி கேட்பது ரசிகரின் உரிமை. ஆனால் அந்தக் கோல்காப்பாளரை மறுவாரம் கடைத்தெருவில் பார்க்கப்போவதும் அதே ரசிகர்தான். 138,000 பேர் உள்ள ஊரில் விளையாட்டாளர் யாரோ ஒருவர் இல்லை. உங்கள் பிள்ளையின் ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் மகனாக இருக்கலாம்.

மேயோ வாதத்தின் அடியில் இருப்பது அதுதான். நம் வீட்டுப் பிள்ளையிடம் எவ்வளவு கேட்கலாம்?

இப்போது நிலை என்ன?

மேயோ வெறுங்கையோடு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2011 முதல் 2015 வரை கோனாக்ட் வட்டாரக் கிண்ணத்தைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. தேசிய லீக் பட்டத்தை 2019இலும் 2023இலும் கைப்பற்றியது. ஆனால் சாம் வரவில்லையே என்பதில்தான் பேச்சு வந்து முடியும்.

2025இல் வெற்றியாளர் போட்டியின் குழுச் சுற்றையே அணி தாண்டவில்லை. அதன்பின் பொறுப்பு ஆண்டி மோரனிடம் போனது. யார் அவர்? டப்ளினிடம் ஒரு புள்ளியில் தோற்ற 2017ஆம் ஆண்டில் அயர்லந்தின் சிறந்த கேலிக் காற்பந்து வீரர் விருதை வென்றவர். அந்தத் தோல்விகளை அரங்கில் நின்று அனுபவித்தவர்.

கோடைக்காலம் வந்தால் மேயோவின் சாலையோரங்களில் 'மேயோ ஃபார் சாம்' என்ற பலகைகள் முளைக்கும். சாம் மேயோவுக்கே என்று பொருள். மூன்று தரப்பும் வாதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பச்சை, சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் வாதம் மறுபடி தொடங்கும். அடுத்த முறை மேயோவின் ஆட்ட முடிவு கண்ணில் பட்டால், முதலில் அந்தச் சிறுகோட்டுக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.