கலிலியோவுக்காகப் பூமியில் மாறிய ரிசீவர்

1991 ஏப்ரலில் கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா முழுதாக விரியாமல் சிக்கிக்கொண்டது. வியாழனிலிருந்து நொடிக்கு 134 கிலோபிட் அனுப்ப வேண்டிய கலத்துக்குச் சிறிய ஆன்டெனா மட்டுமே மிஞ்சியது. அப்படியே விட்டிருந்தால் நொடிக்குப் பத்து, இருபது பிட்தான் வந்திருக்கும். கலத்தைத் தொட்டுச் சரிசெய்ய வழியில்லை; தரையில் இருந்த ரிசீவரை மாற்ற வழி இருந்தது. நாசாவின் ஆழ்வெளி வலையமைப்பில் அதுவரை இருந்த பிளாக் 4 அனலாக் ரிசீவரையும், அதற்குப் பின் வந்த பிளாக் 5 டிஜிட்டல் ரிசீவரையும் ஒப்பிட இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

பழைய ரிசீவர் ஊர்தி அலையை (carrier) பிடித்துக்கொண்டே வேலை செய்யும். கலம் தன் சொற்ப ஆற்றலில் ஒரு பங்கை, தகவல் எதுவும் ஏற்றாமல், அந்த அலைக்கென்றே ஒதுக்கியாக வேண்டும். புதியதற்கு அந்தக் கப்பம் தேவையில்லை. ஊர்தி அலையை அறவே அடக்கிவிட்டு முழு ஆற்றலையும் தகவலுக்கே செலவிட்டாலும், தகவல் அலையிலிருந்தே அதன் கட்டத்தை (phase) கணித்துப் பின்தொடரும். கலிலியோவின் மெல்லிய சமிக்ஞைக்கு இதுவே உயிர்நாடி. மற்ற வேறுபாடுகளைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய நிலையத்தில் ரிசீவர் தனி, துணை ஊர்தி அலையைப் பிரிக்கும் கருவி தனி, குறியீட்டு நேரத்தை ஒத்திசைக்கும் கருவி தனி. வெப்பம் மாறினால், பாகங்கள் பழசானால் மின்சுற்றின் குணமும் நகரும். பிளாக் 5 இம்மூன்றையும் ஒரே கருவிக்குள் எண் கணக்காக மாற்றியது. எண்ணுக்குத் தேய்மானம் கிடையாது.

அதோடு கலிலியோவுக்கென்றே அமைத்த கருவிகள் சமிக்ஞையைப் பதிவு செய்து வைத்தன. சமிக்ஞையின் மீதான ரிசீவரின் பிடி நழுவி இடைவெளி விழுந்தால், பதிவை எடுத்து மறுபடி அலசலாம். அனலாக் முறையில் நழுவியது நழுவியதுதான்.

ஒன்றில் மட்டும் இரண்டும் சமம். ஆன்டெனாவை ஒட்டி, ஹீலியத்தால் குளிரூட்டப்பட்ட முதல் பெருக்கி இரைச்சல் சேர்த்துவிட்டால், எந்த ரிசீவராலும் அதை மீட்க முடியாது.

வெற்றி முழுவதையும் ரிசீவருக்கே எழுதிவிடுவது நியாயமாகாது. கலத்துக்கு அனுப்பிய புதிய மென்பொருள், படச் சுருக்கம், பல ஆன்டெனாக்களை இணைத்துக் கேட்டது ஆகிய எல்லாம் சேர்ந்தே வேகம் நொடிக்கு 160 பிட் வரை உயர்ந்தது. திட்டமிட்ட அறிவியல் இலக்குகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு நிறைவேறியது.